தசைக்குள் மறையும் சீழ்

தொடை கனக்கிறது, நடக்க இயலவில்லை என்று ஒருவர் கூறினால், அதைச் சுளுக்கு என்று எண்ணுவதே வழக்கம். எண்ணெயிட்டு நீவுவர், ஒத்தடம் கொடுப்பர், பற்றுப் போடுவர். பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும். ஆயினும், எச்.ஐ.வி. தொற்றுடைய ஒருவருக்கு இவ்வலியுடன் காய்ச்சலும் காணுமாயின், தசையினுள் சீழ் திரளும் நோயையும் ஐயுற வேண்டும்.

நலமுள்ள தசையில் கிருமிகள் எளிதில் வேரூன்றுவதில்லை. வெப்ப நாடுகளில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த இந்நோய், எச்.ஐ.வி. பரவிய பின்னர்க் குளிர் நாடுகளிலும் மிகுதியாகக் காணப்படலாயிற்று. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. பலருடைய மூக்கினுள்ளும் தோலிலும் இது தீங்கின்றி வாழ்கிறது. எச்.ஐ.வி. கிருமியோ சி.டி. 4 அணுக்களை அழிப்பதுடன், பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்களின் திறனையும் குறைக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சி.டி. 4 அணுக்கள் 200-க்குக் கீழ் இறங்கியோரிடம் காவல் மிகத் தளர்ந்துவிடுகிறது.

முதற்கட்டத்தில் தசை மரக்கட்டைபோல் இறுகும். நோய் ஆழத்தில் இருப்பதால் தோல் சிவப்பதில்லை. ஏமாற்றம் இங்கேதான் நேர்கிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் சீழ் கட்டி, காய்ச்சல் மிகும். அல்ட்ராசவுண்ட் சோதனையில் சீழ் புலப்படும். அதை வெளியேற்றி, உரிய மருந்தும் கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைவர். நீவுவதிலேயே நாட்கள் கழியுமாயின், கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஊறு விளையும்.

இதனினும் கொடியது, தோலின் அடித்திசுக்களும் தசையைப் போர்த்திய உறையும் அழுகும் நோய். 1952-ல் வில்சன் என்னும் மருத்துவர் இதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டார். இங்குக் கணக்கு நாட்களிலன்று, மணிகளில். தோலில் காண்பது சிறிது, வலியோ பொறுக்கவொண்ணாதது. பின்னர்த் தோல் கருநீலமாகிக் கொப்புளிக்கும். அதன்பின் வலி தணிந்தால் அதை நற்குறியெனக் கொள்ளலாகாது. நரம்புகள் மடிந்துவிட்டன என்பதே பொருள். மருந்து மட்டும் போதாது. அழுகிய பகுதியை உடனே அறுத்தகற்ற வேண்டும்.

இவ்வளவு விரைவு வேண்டிய நோயில் காலத்தை விழுங்குவது பல வேளைகளில் அச்சமே. தம் நிலை வெளிப்படுமோ என்று அஞ்சி, கட்டியை மறைத்து வைப்போர் உளர். எச்.ஐ.வி. உடையவர் என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. தனியார் மருத்துவமனைகளும் அதற்கு விலக்கல்ல. இதனை ஊழியர்கள் வீடுதோறும் எடுத்துரைத்தல் நன்று. ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாது உண்கின்றனரா என்று கேட்கும்பொழுதே, புதிய வலியோ வீக்கமோ உண்டா என்றும் வினவலாம்.

பள்ளியில் ஒரு சிறுவன் நொண்டி நடந்தால், விளையாட்டில் பட்ட அடி என்றே தோன்றும். உண்மையில் அடிபட்டும் இருக்கலாம்; அடிபட்ட தசையிலேயே இந்நோய் தொடங்குவதுண்டு. அவனுக்கு எச்.ஐ.வி. உளதா என்று ஆசிரியர் துருவிக் கேட்கத் தேவையில்லை. நொண்டலும் காய்ச்சலும் சேர்ந்திருத்தலே அவனை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பப் போதிய காரணமாகும்.