கோடையில் ஏழு இரவுச் சாப்பாடு: தோல் நகரங்களின் அடுப்படிக் கணக்கு

மாலை ஆறரை மணிக்கு ஆம்பூர் நெடுஞ்சாலையோரம் நின்று பார்த்தால் தெரியும். காலணித் தொழிற்சாலைகளின் வேன்களும் பேருந்துகளும் வரிசையாக வந்து நிற்கும். டிபன் பையைத் தோளில் மாட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஊருக்குள் நடப்பார்கள். காலை எட்டரைக்குத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போனதும் அடுத்த வேலை காத்திருக்கும். இரவுக்கு என்ன சமைப்பது?

கத்தரி வெயில் நாட்களில் இந்தக் கேள்வி இன்னும் கனமாகிவிடும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். பகலெல்லாம் காய்ந்த சிமென்ட் ஓட்டு வீடு இரவு பத்து மணி வரை அனல் கக்கும். அதற்குள் அடுப்பையும் பற்றவைத்து ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்றால், கடையில் நாலு பரோட்டா வாங்கிவிடலாமே என்றுதான் தோன்றும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அதே மாலை நேரத்தில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு விவசாயி நாளைய சந்தைக்குச் சுரைக்காய் பறித்துக்கொண்டிருப்பார். கோடையில் காய் ஒரே நாளில் முற்றிவிடும். விலை போகாவிட்டால் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். வாங்க வேண்டியவருக்குத் திட்டம் இல்லை, விற்க வேண்டியவருக்கு உறுதி இல்லை. இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு வாரச் சாப்பாட்டுக் கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது என் அக்கா. ஆம்பூரை அடுத்த கிராமத்தில் இருக்கிறார். காலணியின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. அவர் வீட்டுச் சமையலறைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் ஏழு கோடுகள் போட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு காய், ஒரு தானியம். “ருசிக்காக எழுதினது இல்ல தம்பி, எது முதல்ல அழுகுமோ அது முதல்ல” என்றார். கோடைத் திட்டத்தின் அடிப்படையே அந்த ஒரு வரிதான். சந்தை ஞாயிறு என்றால் திங்கள், செவ்வாயில் கீரையும் கத்தரியும். நடுவாரத்தில் சுரை, பீர்க்கன், புடலை. கடைசியில் முருங்கை, பூசணி, பயறு வகைகள்.

எவ்வளவு வாங்குவது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நான்கு பேர் குடும்பத்தில் பாதி இரவுக்கு என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு 800 கிராம், வாரத்துக்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பெரிய சுரைக்காயும் ஒரு கீற்றுப் பூசணியுமே இதில் பாதியை ஈடுகட்டிவிடும். ரேஷனில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குக் கால் கிலோ, அதாவது இரண்டு இரவு சாம்பாருக்குச் சரி. மற்ற இரவுகளுக்குக் கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு என்று போக வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே உழவர் சந்தைக்குப் போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் கீரை வாடிவிடும். அக்காவோடு ஒருநாள் போயிருந்தேன். கீரைக் கட்டின் அடித்தண்டைத் திருப்பிப் பார்த்தார். “எப்பம்மா அறுத்தீங்க?” “நேத்து பொழுது சாஞ்சு அறுத்தேன்க்கா, ஈரத்துணி போட்டுத்தான் கொண்டாந்தேன்.” அந்த ஈரத்துணிதான் முக்கியம். கோடையில் கீரையை மாலையிலோ விடியற்காலையிலோ அறுத்து, நனைத்த கோணியால் மூடி எடுத்து வருகிற விவசாயியிடம் வாங்கினால் திங்கள் இரவு வரை தாங்கும். வீட்டிலும் அதே முறைதான். வேரை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, மண்பானைப் பக்கம் வைத்தால் போதும்.

ஞாயிறு மதியம் இந்த ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் பிரியாணி மணக்கும். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த வரமிளகாய் விழுது, பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய்த் தொக்கு. அன்றைக்கு இரவு யாருக்கும் பெரிய பசி இருக்காது. மோர் சாதமும் மாங்காய் ஊறுகாயும் போதும். ஆனால் அந்த இரவில் ஒரு வேலை இருக்கிறது. இட்லி மாவு அரைக்க வேண்டும். குளிர்காலத்தில் எட்டு, பத்து மணி நேரம் எடுக்கும் புளிப்பு, கோடையில் ஐந்து, ஆறு மணி நேரத்திலேயே வந்துவிடும். அதனால் படுக்கப் போகும்போது அரைத்து வைத்து, விடியற்காலையில் எழுந்ததும் குளிர்ந்த இடத்துக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ மாற்றிவிட வேண்டும். காலை வரை மறந்து தூங்கினால் மாவு பொங்கித் தரையில் ஓடியிருக்கும்.

திங்கள் இரவு களியும் கீரைக் கடைசலும். வடஆற்காட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகு களியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் இளைய தலைமுறைக்காக ஒரு வார்த்தை. நொய்யை வேகவிட்டு, கொதிக்கும்போதே கேழ்வரகு மாவை நடுவில் குவித்து மூடி, தணலைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு துடுப்பால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். அடுப்புக்கு முன் நிற்க வேண்டிய நேரம் கடைசி ஐந்து நிமிடம்தான். மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர் ஊற்றிக் கூழாகக் கரைத்துக்கொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நாள் முழுவதும் குனிந்து தைக்கிற பெண்களின் எலும்புக்கு இது சின்ன விஷயம் அல்ல.

விவசாயி பக்கம் இருந்து பார்த்தாலும் கேழ்வரகு இந்த மண்ணுக்கு ஏற்ற பயிர். நெல்லுக்குத் தேவைப்படும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போதும். 90 முதல் 110 நாளில் அறுவடை. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையமே இருக்கிறது. விதை, ரகம் பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம். வேலூர் பக்கத்தவர்களுக்கு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் இன்னும் அருகில்.

செவ்வாய் இரவு கத்தரிக்காய். இந்த வட்டாரத்தில் கத்தரிக்காய் என்றால் இலவம்பாடி முள்ளு கத்தரிதான். அணைக்கட்டு வட்டாரத்தில் உள்ள இலவம்பாடியையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த இந்தக் காய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் செடியிலும் முள் இருக்கும். பறிப்பவர்களின் விரல்களைப் பார்த்தால் அந்த விலை நியாயம் என்று புரியும். எண்ணெயில் வதங்கினால் வெண்ணெய் போல் குழைகிற காய் இது. ஒரு கிலோ வாங்கினால் பாதியை ஞாயிறு தொக்குக்கும் பாதியைச் செவ்வாய் புளிக்குழம்புக்கும் வைத்துக்கொள்ளலாம்.

புளிக்குழம்பு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வேலைக்குப் போகிற வீட்டில் குழம்பு காலை ஐந்து மணிக்கே வைக்கப்படுகிறது. இரவு எட்டு மணி வரை, பதினைந்து மணி நேரம், அது அந்த வெக்கையில் இருக்க வேண்டும். தேங்காய் அரைத்த குழம்பு மதியத்திலேயே நுரைத்துவிடும். பருப்பும் அப்படித்தான். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, புளி நன்றாகக் கொதித்து, எண்ணெய் பிரிந்து இறக்கிய குழம்புதான் தாக்குப்பிடிக்கும். அதையும் இரவில் ஒருமுறை கொதிக்கவைத்தே பரிமாற வேண்டும். பருப்பு, கூட்டு வகைகளைக் காலையில் வைத்தால் குளிர்சாதனப் பெட்டி கட்டாயம். அது இல்லாத வீட்டில் பருப்பை மட்டும் காலையில் ஊறவைத்து, தண்ணீரை ஒருமுறை மாற்றி, இரவில் வேகவைப்பதே சரி.

பருப்பு என்றதும் தண்ணீர்ப் பேச்சு வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். “எங்க ஊர் போர் தண்ணியில பருப்பு வேகாது” என்பார்கள். அது வெறும் பேச்சு இல்லை. தண்ணீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் அதிகமானால் பருப்பின் தோல்பகுதி இறுகி, எத்தனை விசில் விட்டாலும் கடுக்கென்று நிற்கும். எரிவாயுவும் வீண். காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்த தண்ணீரையோ கேன் தண்ணீரையோ பருப்புக்கு மட்டுமாவது ஒதுக்கி, ஒரு மணி நேரம் ஊறவைத்து வேகவிட்டால் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்தத் தண்ணீர் எப்படி இப்படி ஆனது என்பது இந்தப் பகுதியின் பழைய காயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே ஆக்கியது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், தோல் ஆலைகள் உள்ள பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை மாநில அரசு வழங்கி, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடையில் 28 ஆண்டுகள். தோலால் சம்பளம் வாங்குகிற வீடும் தோலால் கிணற்றை இழந்த வீடும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. என் அக்கா வீடே அப்படித்தான். மாமாவின் அப்பா நெல் நட்ட நிலத்தில் இப்போது தென்னை மட்டும் நிற்கிறது.

அதனால் இங்கே காய்கறி போட நினைப்பவர்கள் முதலில் பாசன நீரைப் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கழுவிய அரை லிட்டர் பாட்டிலில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். பயிருக்குப் பயிர் உப்பைத் தாங்கும் திறன் வேறு. மண்ணின் மின்கடத்தும் திறன் 1 டெசிசைமனைத் தாண்டினாலே பீன்ஸின் விளைச்சல் குறையத் தொடங்கும். கத்தரியும் ஏறத்தாழ அந்த அளவில்தான். தக்காளி 2.5 வரை தாங்கும். பீட்ரூட் 4 வரை, காராமணி ஏறத்தாழ 5 வரை. உப்புத் தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர் கத்தரி போட்டு நஷ்டப்படுவதைவிடக் காராமணி போட்டால் பிழைக்கலாம். ஆலைக் கழிவு கலக்கிற கால்வாய் நீரைக் கீரைக்குப் பாய்ச்சுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். உப்புத் தாங்கும் பயிர் என்பதால் கழிவையும் தாங்கும் என்று பொருள் இல்லை.

சாக்பீஸ் கோடுகளுக்குத் திரும்புவோம். புதன் இரவு சுரைக்காயும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டு, சோறு. வியாழன் இட்லி. அதற்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி. நம்மூர்க் கடலை இருக்கும்போது தேங்காய்க்கு ஏன் அலைய வேண்டும்? வெள்ளி முருங்கைக்காய் சாம்பார், அல்லது பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் இருந்து வரும் காயில் மாங்காய்ப் பருப்பு. சனி இரவு பையில் மிஞ்சியிருப்பது பூசணியும் கொள்ளும்தான். கொள்ளுக் கடைசல், பூசணிப் பொரியல், சாப்பிடுகிறவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. நோன்பு மாதம் கோடையில் வந்தால் இந்த வரிசையே மாறும். நோன்புக் கஞ்சி ஒன்றே அரிசி, பாசிப்பருப்பு எல்லாம் சேர்ந்த இரவுச் சாப்பாடாகிவிடும்.

இந்த ஏழு கோடுகளை விவசாயி படித்தால் அவருக்கு அது விதைப்புக் காலண்டராகத் தெரியும். சித்திரை, வைகாசியில் சுரை, பூசணி, பீர்க்கன் வேண்டும் என்றால் தை மாதத்தில் விதை ஊன்றியிருக்க வேண்டும். சிறுகீரை 20, 25 நாளில் வந்துவிடும் என்பதால் வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்தால் ஒவ்வொரு ஞாயிறும் அறுக்கலாம். ஒரே நாளில் பத்துப் பாத்தி விதைத்துவிட்டு விலை இல்லை என்று வருந்துவதில் பயனில்லை. அக்காவும் அவர் வேனில் வருகிற ஐந்தாறு பெண்களும் சேர்ந்து ஒரே கீரைக்காரம்மாவிடம் வாராவாரம் இத்தனை கட்டு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். முன்பணம் இல்லை, வாய்வார்த்தைதான். அந்த அம்மா இப்போது மீதம் வருமோ என்று பயப்படாமல் அறுக்கிறார். விலை ஏறிய வாரத்திலும் இவர்களுக்கு ஏற்றுவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடமும் நல்ல தண்ணீரும் இருப்பவர்கள் சுரைப் பந்தல் ஒன்று போட்டுக்கொள்ளலாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் கொடிக்கு விட வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீரை விடலாம். நல்ல வடிவான, பூச்சி படாத சுரைக்காய் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுங்கள். காம்பு காய்ந்து, தட்டினால் உள்ளே விதை குலுங்கும்போது எடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டிவைத்தால் ஆடிப் பட்டத்துக்கு விதை தயார்.