பதவிக்காலம் முடிந்தபின் நடுவர்

தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு பரதவர் சமூகத்தின் வழக்குகளைத் தீர்த்துவைத்த சாதித்தலைவருக்கு, அதாவது பாண்டியபதிக்கு, பணி ஓய்வு என்ற ஒன்றே இருந்ததில்லை. பதவி பரம்பரையாக இறங்கியது, முத்துக்குளிப்பில் சில படகுகளின் பங்கை அவருக்கென ஒதுக்கி டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதை ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் ஆட்சி இதன் அருகில் வேறொரு வகையையும் நிறுவியது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் சென்னை மாகாணத்துக் கிராமத் தலைவர்களுக்கு, அதாவது கிராம முன்சீப்புகளுக்கு, சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை அளித்தன. நகரங்களில் சட்டம் பயிலாத பிரமுகர்கள் சம்பளமின்றிக் கௌரவ மாஜிஸ்திரேட்டுகளாகப் பெஞ்சு கோர்ட்டில் அமர்ந்தனர். கிராம முன்சீப் பதவி 1980 நவம்பரில் தமிழக அரசின் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு, அதிகாரத்தில் எதுவும் எஞ்சவில்லை. ‘முன்சீப் வீடு’ என்ற அடையாளம் மட்டுமே ஊர்களில் நின்றது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கு இன்றும் பெரும்பாலான சிறு குற்றங்களைச் சட்டம் பயிலாத நடுவர்களே விசாரிக்கின்றனர். 2022 முதல் 75 வயதில் ஓய்வுபெறும் அவர்கள், துணைப்பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு, வழக்கு விசாரிக்காமல் சில ஆவணங்களில் மட்டும் கையொப்பமிடலாம்.

இந்தியச் சட்டத்தில் அப்படியொரு பட்டியல் இல்லை. காரணம், 1974 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் கௌரவ மாஜிஸ்திரேட் முறையைக் கைவிட்டு, அரசுப் பணியில் இருப்பவரையோ இருந்தவரையோ, ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேற்படாமல், சிறப்பு நீதித்துறை நடுவராக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அளித்ததுதான். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் இதையே பின்பற்றுகிறது. பிற நாட்டில் ஓய்வோடு முடியும் நடுவர் பணி, இங்கு ஓய்வுக்குப் பின்னரே பலருக்குத் தொடங்குகிறது என்பது விசித்திரம்தான்.

காலம் முடிந்ததும் சிறப்பு நடுவரிடம் எஞ்சுவது பாதுகாப்பு மட்டுமே. 1985ஆம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் ‘இருக்கும் அல்லது இருந்த’ நீதிபதி என்று இருவரையும் சேர்த்தே குறிப்பிடுவதால், நீதிப்பணியின்போது செய்த செயலுக்காக அவர்மீது பின்னர் பொதுவாக வழக்குத் தொடர முடியாது. தடையைப் பொறுத்தவரை, ஓய்வுக்கு முன் மூன்றாண்டுகள் அதிகாரம் செலுத்திய பகுதியில் ஈராண்டுகள் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது என்ற இந்திய வழக்கறிஞர் மன்ற விதி நீதித்துறை அலுவலர்களுக்கு உண்டு. ஆனால் அதன் வாசகப்படி, ஓராண்டுக்கு மட்டும் அமர்ந்து எழுந்தவரை அது தொடுவது அரிது.

உண்மையான சிக்கல் வழக்காடுவோருக்கே நேர்கிறது. முந்தைய நடுவர் பதிந்த சாட்சியத்தின் மேல் அடுத்தவர் தீர்ப்பளிக்கலாம் என்ற பொதுவிதி, சாட்சியத்தின் சாரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும் சுருக்க விசாரணைக்குப் பொருந்தாது. எனவே துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுநர் ஒருவர்மீது பதிவான சிறு வழக்கு சுருக்க விசாரணையில் பாதியில் நிற்கும்போது நடுவரின் காலம் முடிந்தால், சாட்சிகள் மீண்டும் முதலிலிருந்தே கூண்டேற வேண்டியிருக்கும்.