தருமரிடம் யட்சன் கேள்வி கேட்ட ஏரி இதுதானா? தேவரியா தால் போக நினைப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

உளுந்தூர்பேட்டை பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிக்கிறதை உட்கார்ந்து கேட்டவங்களுக்கு நச்சுப் பொய்கை கதை புதுசு இல்லை. தாகத்தோடு போன நான்கு தம்பிகளும் யட்சனின் எச்சரிக்கையை மதிக்காமல் தண்ணீர் குடித்து விழுகிறார்கள். தருமர் மட்டும் நின்று பதில் சொல்கிறார். ஒருவரை உயிர்ப்பிக்கலாம் என்றதும் நகுலனைக் கேட்கிறார். 'குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை வேண்டும்' என்பது அவர் சொன்ன காரணம். அந்த நியாயத்துக்காகவே நால்வரும் எழுகிறார்கள்.

இந்தக் கதை நடந்த இடம் என்று உத்தரகாண்ட் மக்கள் நம்புகிற ஏரிதான் தேவரியா தால். கேதார்நாத் கூட்டத்தில் சிக்காமல், அமைதியாக ஒரு இமயமலை நடை போகணும்னு நினைக்கிறவங்களுக்கு ஏற்ற இடம்.

எங்கே இருக்கு?

ருத்ரபிரயாக் மாவட்டத்தில், ஊக்கிமடம் அருகே, 2,438 மீட்டர் உயரத்தில் உள்ளது. 'தால்' என்றால் ஏரி. தேவர்கள் நீராடிய இடம் என்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். காலையில் வானம் தெளிவாக இருந்தால் 7,138 மீட்டர் உயர சௌகம்பா சிகரம் தண்ணீரில் அப்படியே தெரியும்.

கதை நடந்தது இங்கேதானா?

உறுதியாகச் சொல்ல முடியாது. பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கடாஸ்ராஜ் கோயில் குளத்துக்கும் இதே கதை சொல்லப்படுகிறது. இது நம்பிக்கை, வரலாற்று ஆதாரம் அல்ல. தமிழில் இந்தக் கதையை 'நச்சுப் பொய்கைச் சருக்கம்' என்று பாடிய வில்லிபுத்தூரார், நம்ம பக்கத்துத் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்.

நடை கஷ்டமா?

சாரி என்ற கிராமத்திலிருந்து சுமார் 2.5 கி.மீ. தூரம்தான். ஆனால் முழுக்க ஏற்றம். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். ஏரியின் உயரம் ஊட்டி தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) விடக் குறைவு. அதே நேரம், நம்ம கல்வராயன் மலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

வயசானவங்க போகலாமா?

நடக்க முடிந்தால் போகலாம். ஆனால் சமவெளியிலிருந்து வந்த அன்றே ஏறக் கூடாது. ஒரு இரவு சாரியில் தங்கி உடம்பைப் பழக்குங்க. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்க.

உண்மையான ஆபத்து அடுத்த கட்டத்தில்தான். பலர் இங்கிருந்து துங்கநாத் (3,680 மீட்டர்) அல்லது கேதார்நாத் (3,583 மீட்டர்) போகிறார்கள். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய் வரலாம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீங்க. மூச்சுத் திணறல், தள்ளாட்டம், குழப்பம் இருந்தால் உடனே கீழே இறங்கணும். 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், சாமியைப் பார்த்துட்டே போயிடலாம்' என்ற நினைப்புதான் உயிருக்கு ஆபத்து.

எப்போ, எப்படி போறது?

மார்ச் முதல் மே வரை, அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் இருக்கும். குளிர்காலத்தில் பாதையில் பனி விழும்.

விழுப்புரத்திலோ சென்னையிலோ ரயில் ஏறி டெல்லி, அங்கிருந்து ரிஷிகேஷ். பிறகு ருத்ரபிரயாக், ஊக்கிமடம் வழியாக சாரிக்கு சுமார் 200 கி.மீ. மலைச்சாலை என்பதால் ஒரு முழுப் பகல் ஒதுக்குங்க.

ஏரிக்கரையில் தங்கலாமா?

மலைப் புல்வெளிகளில் இரவு தங்க உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2018ல் தடை விதித்தது. அதனால் சாரியில் வீட்டு விடுதிகளில் தங்குவதே நல்லது. கிராமத்து மக்களுக்கும் நாலு காசு கிடைக்கும். பிளாஸ்டிக் பாட்டில், பிஸ்கட் கவரை அங்கே போடாமல் கையோடு கீழே கொண்டு வந்துடுங்க.

எச்சரிக்கையைக் கேட்காத நாலு பேருக்கு என்ன ஆச்சுன்னு அந்தக் கதையே சொல்லுது. மலை ஏறும்போது உங்க உடம்பு சொல்றதையும் கேளுங்க.