கலந்துரையாடிக் கற்றல்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்குவதற்கு முன்னர்ப் பாடம் கேட்கும் முறையைக் கூறுகிறது. ஆசிரியர் உரைப்பதை ஒருவன் எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும், புலமையில் காற்பங்கே அவனுக்குக் கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். வினவுதலும், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுதலும் மாணவனின் கடமைகள் என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது.

அன்று திண்ணையில் நிகழ்ந்த அவ்வுரையாடல் இன்று இணையத்திலும் நிகழ்கிறது. இந்திய அரசு 2017இல் தொடங்கிய சுவயம் என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தில், காணொளிப் பாடம், படிப்பதற்குரிய பகுதி, தன்மதிப்பீட்டுத் தேர்வு ஆகியவற்றோடு கலந்துரையாடலும் ஓர் உறுப்பாக அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வகுப்புகள் இம்முறையையே நாடின.

வகுப்பறையில் பாடவேளை குறைவு. விரைந்து கை உயர்த்துவோரே பெரும்பாலும் பேசுவர். எழுத்துவழிக் கலந்துரையாடலிலோ தயங்குபவருக்கும் காலம் கிடைக்கிறது. அவர் எண்ணிப் பார்க்கலாம், பெரியோரைக் கேட்கலாம், எழுதியதை அழித்துத் திருத்தலாம்.

தில்லியில் தமிழ் பயிலும் ஒரு வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியை ஒரு வினாவைப் பதிவிடுகிறார்: “தேநீரில் இடும் இனிப்பை உங்கள் வீட்டில் எவ்வாறு அழைப்பர்?” பலரும் ‘சர்க்கரை’ என எழுதுகின்றனர். நெல்லையிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்து மாணவி மட்டும் தயங்குகிறாள். அவள் வீட்டில் அது ‘சீனி’. முன்பொருமுறை வகுப்பில் அவ்வாறு கூறியபோது, அது இந்திச் சொல் என்று சிலர் நகைத்தனர். அதன்பின் அவள் வாய் திறப்பதே அரிதாயிற்று. இம்முறை ஊரிலுள்ள ஆச்சியிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு எழுதுகிறாள்: “என் ஆச்சி தில்லியைப் பார்த்ததே இல்லை. அவரும் சீனி என்றுதான் சொல்கிறார்.”

உரையாடல் சூடுபிடிக்கிறது. கோவை மாணவன் ஒருவன், தன் தாத்தா ‘அஸ்கா’ என்பார் என்கிறான். சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் இடுவது ஏன் என்று மற்றொருவன் வினவுகிறான். ஆசிரியை உடனே விடை கூறுவதில்லை. ஆலையில் செய்த வெண்சர்க்கரை வருமுன் ‘சர்க்கரை’ எதைக் குறித்திருக்கும் என்று திருப்பிக் கேட்கிறார். இரண்டு நாள்களில் மாணவர்களே தேடிக் காண்கின்றனர். முற்காலத்தில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லமே சர்க்கரை எனப்பட்டது. சீனி என்பது சீன நாட்டின் பெயரோடு தொடர்புடையது. தமிழிலும் இந்தியிலும் வழங்குகிறது. அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலுள்ள ஓர் ஊர். அங்கு ஆலையில் செய்த வெண்சர்க்கரைக்கு ஊர்ப்பெயரே பெயராயிற்று. நகைப்புக்குள்ளான சொல்லிலிருந்து வகுப்பு முழுவதும் வரலாறு கற்றது.

எல்லாக் கலந்துரையாடலும் இவ்வாறு அமைவதில்லை. ஒரே விடையுடைய வினாவாயின், முதல் விடையோடு பேச்சு முடிந்துவிடும். பதிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வழங்கினாலோ, ‘நானும் அவ்வாறே கருதுகிறேன்’ என்னும் வரியே பக்கத்தை நிரப்பும். ஏளனமும் இணையத்தில் மிகுதியாகப் புண்படுத்தும். சொன்ன சொல் காற்றோடு போகும், எழுதியதோ அங்கேயே நிற்கும். ஆதலால் கருத்தை மறுக்கலாம், கூறியவரைப் பழிக்கலாகாது என்னும் விதியை ஆசிரியர் முதல் நாளிலேயே வகுத்துவிடுதல் வேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய இயலாதவர், தொடக்கத்தில் தம் விடையைக் குரலாகப் பதிவு செய்து அனுப்பலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வினாவை எழுப்பியவர் ஆசிரியை அல்லர், அம்மாணவியே. “‘பையப் போ’ என்று என் ஆச்சி கூறுவார். உங்கள் வீட்டில் அதை எவ்வாறு கூறுவர்?”