பள்ளிக்கு பூட்டு போட்டப்போ பஞ்சாயத்தில் தலைவரே இல்லை! கொரோனா உத்திரமேரூருக்கு சொல்லிக் கொடுத்த பாடம்

உத்திரமேரூர்:-

குடவோலை கல்வெட்டுக்கு பேர் போன ஊர் உத்திரமேரூர். 1,100 வருஷத்துக்கு முன்னாடியே ஓலையில் பேர் எழுதி, குடத்தில் போட்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் எடுத்த ஊர். ஏரியை கவனிக்க ஒரு வாரியம், தோட்டத்தை கவனிக்க ஒரு வாரியம் என்று வேலையை பிரித்துக் கொடுத்ததையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், 2020-ம் ஆண்டு கொரோனா வந்து பள்ளிக்கூடங்களுக்கு பூட்டு போட்டபோது, மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த ஒரு பஞ்சாயத்து தலைவர்கூட பதவியில் இல்லை. பிள்ளைகள் படிப்பு என்ன ஆச்சு? பொறுப்பு யாருடையது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

5 வருஷம் காலி நாற்காலி

தமிழ்நாடு முழுவதும் உள்ளாட்சி பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்க இருந்த தேர்தல் ஐகோர்ட்டு உத்தரவால் நின்றுபோனது. தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி தேர்தல் நடந்தது. ஆனால் காஞ்சிபுரத்துக்கு அந்த கொடுப்பினை இல்லை. அதற்கு முந்தின மாசம்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாக பிரிந்திருந்தது. இப்படி பிரிப்பில் சிக்கிய 9 மாவட்டங்களுக்கு, வார்டு வரையறையை முடித்துவிட்டு தேர்தல் நடத்தச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் கொரோனா வந்துவிட்டது.

கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஓட்டுப்பதிவு நடந்தது. 20-ந் தேதி புது ஆட்கள் பதவி ஏற்றார்கள். உத்திரமேரூர் ஒன்றியத்தில் உள்ள 73 ஊராட்சிகளுக்கும் 5 வருஷம் கழித்து அப்போதுதான் தலைவர் வந்தார்.

யார் எதுக்கு பொறுப்பு?

நம்ம ஊர் தொடக்கப்பள்ளி போர்டை பாருங்க. ‘ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி’ என்றுதான் இருக்கும். ஆனா அந்த ஒரே பள்ளிக்கு பல எஜமான்கள்.

கட்டிடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் ஒன்றிய அலுவலகத்து வேலை. தண்ணீர் விடுறது, பிளீச்சிங் பவுடர் போடுறது, தெருவை சுத்தமா வைக்கிறது ஊராட்சி வேலை. வாத்தியார், டீச்சர், பாடம் இதெல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர் பொறுப்பு. சத்துணவு தனி கணக்கு. காய்ச்சல், தடுப்பூசி என்றால் சுகாதாரத் துறை.

சாதாரண நாளில் இது யாருக்கும் தெரியாது. நோய் வந்த நேரத்தில்தான் தெரிந்தது. பள்ளியை திறக்கணும்னா இவங்க எல்லாரும் சேர்ந்தாத்தான் முடியும். ஒருத்தர் வரலைன்னா மணி அடிக்காது.

2020-ல் சமைத்த சாப்பாடு நின்றபோது, சத்துணவு பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, பிறகு முட்டை என்று கையில் கொடுத்தார்கள். பாடப் புத்தகமும் கொடுத்தார்கள். கல்வி தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஆனா வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அதை அப்பா ஒரகடம் கம்பெனி வேலைக்கு எடுத்துட்டு போயிட்டா பிள்ளை எதில் படிக்கும்?

குறையை சொல்ல தலைவர் இல்லை. 2020 அக்டோபர் 2 கிராமசபை கூட்டமும் ரத்து. பெற்றோர் யாரிடம் போய் கேட்பது?

பூட்டு, திறப்பு, மறுபடி பூட்டு

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 10, 12-ம் வகுப்புக்கு மட்டும் 2021 ஜனவரி 19-ந் தேதி மணி அடித்தது. 9, 11-ம் வகுப்பு பிப்ரவரியில் வந்தது. இரண்டாவது அலையில் மறுபடி பூட்டு. செப்டம்பர் 1-ந் தேதி 9 முதல் 12 வரை திறந்தார்கள். 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள சின்னப் பிள்ளைகள் நவம்பர் 1-ந் தேதிதான் உள்ளே வந்தார்கள். ஒண்ணாம் கிளாசில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் ரெண்டாம் கிளாசுக்கு போய்விட்டது.

இதன் விளைவு என்ன தெரியுமா? கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ஏசர் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 2-ம் வகுப்பு பாடத்தை படிக்கத் தெரிந்த 3-ம் வகுப்பு பிள்ளைகள் 2018-ல் 100-க்கு சுமார் 10 பேர். 2022-ல் அது சுமார் 5 பேர்!

சாயங்காலம் 5 மணி வகுப்பு

விட்டுப்போன படிப்பை பிடிக்க, 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் தேர்வான 12 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. தன்னார்வலர்களுக்கு மாதம் ரூ.1,000. சாயங்காலம் 5 முதல் 7 மணி வரை வகுப்பு.

பாடமும் பயிற்சியும் கல்வித்துறை கொடுத்தது. ஆனா உட்கார இடம் வேணும், லைட் எரியணும், இருட்டினபிறகு பிள்ளைகள் வீடு திரும்பும் தெருவில் விளக்கு இருக்கணும். அது ஊராட்சி கையில். அந்த நேரத்துக்கு சரியாக, ஒரு வாரம் முன்னாடிதான் தலைவர்கள் பதவி ஏற்றிருந்தார்கள்.

பக்கத்து கேரளாவில் 1990-களிலேயே பள்ளிகளை கவனிக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் போய்விட்டது. அதனால் 2020 ஜூன் 1-ந் தேதி டி.வி. பாடம் தொடங்கியதும், டி.வி. இல்லாத பிள்ளைகளுக்கு பொது இடத்தில் பார்க்க ஏற்பாடு செய்வதில் உள்ளாட்சிகளும் இறங்கின.

நீங்க என்ன செய்யலாம்?

2022-ல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவை 20 பேருடன் புதுசா அமைத்தார்கள். அதில் பெரும்பாலும் பெற்றோர்தான். உள்ளாட்சி பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. பள்ளியும் பஞ்சாயத்தும் ஒரே பாயில் உட்காரும் இடம் அதுதான். கிராமசபையும் இப்போது வருஷத்துக்கு 6 தடவை.

உங்க ஊர் பள்ளியின் குழுவில் யார் இருக்காங்க, கடைசியா எப்போ கூடினாங்க என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்க. கழிப்பறையில் தண்ணி வரலையா? கிராமசபையில் எழுந்து நின்று பேசுங்க, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்க.

அடுத்த நோய் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. வரும்போது நாற்காலியில் ஆள் இருக்கணும், நாற்காலிகள் ஒன்றை ஒன்று பார்த்தும் இருக்கணும்.