தளர்நடைப் பருவமும் தாயின் இரண்டாம் கருப்பமும்

பிறந்து ஓராண்டு நிறையும் தறுவாயில் குழந்தை பிடிமானமின்றி நின்று, விழுந்து, மீண்டும் எழுந்து அடியெடுத்து வைக்கும் காலம் தளர்நடைப் பருவம் எனப்படுகிறது. ஏறத்தாழ மூன்று வயது வரை இது நீள்வதாகக் கொள்வர். பல குடும்பங்களில் தாய் இரண்டாம் முறை கருவுறுவதும் இக்காலத்திலேயே நிகழ்கிறது. ஒருபுறம் முதற் குழந்தை நாளுக்கொரு புதிய செயலைக் கற்றுக்கொள்கிறது. மறுபுறம் அதைப் பார்த்து மகிழ வேண்டிய தாய் மசக்கையாலும் களைப்பாலும் சோர்ந்திருக்கிறாள். அக்குழந்தை வீட்டின் ஒரே பிள்ளையாக இருக்கும் கடைசி மாதங்களும் இவையே.

தமிழகத்தில் பாட்டிமார் சொல்லும் நம்பிக்கை ஒன்று இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை குனிந்து, தன் கால்களுக்கிடையே பின்னால் பார்த்தால் தம்பியோ தங்கையோ வரப்போவதாகச் சொல்வார்கள். உடலின் சமநிலை கைவந்த குழந்தை உலகைத் தலைகீழாகப் பார்த்து விளையாடுவதே இதன் உண்மையான காரணம். ஆனால் அந்தச் சமநிலை வாய்க்கும் வயதும், பல தாய்மார் மீண்டும் கருவுறும் காலமும் ஒன்றாக அமைவதால் நம்பிக்கை பலிப்பதுபோல் தோன்றுகிறது.

சவலை என்னும் சொல்

தாய் மீண்டும் கருவுற்றதால் பால் குறைந்து மெலிந்துபோன குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பது தமிழ் வழக்கு. யாப்பிலக்கணத்தில், இரண்டாம் அடியில் தனிச்சீர் இல்லாமல் குறைந்து நிற்கும் நான்கடி வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பெயர். வளர்ச்சி குன்றிய பிள்ளையைக் குறித்த சொல்லே செய்யுளுக்கும் ஆகிவந்தது எனலாம்.

இதே நிலையைக் குறிக்கும் சொல் உலகின் இன்னொரு மூலையிலும் இருந்தது. இன்றைய கானா நாட்டில், அது கோல்ட் கோஸ்ட் என்ற பிரித்தானியக் குடியேற்றமாக இருந்தபோது, பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கித் தோல் உரிந்து வந்த சிறு குழந்தைகளின் நோயை 1933இல் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்தார். 1935இல் எழுதிய கட்டுரையில், அப்பகுதியின் கா மொழிச் சொல்லாகிய குவாஷியோர்கர் என்பதையே நோயின் பெயராகக் கொண்டார். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்றுபோன பின், மக்காச்சோள மாவுணவையே பெரிதும் நம்பியிருந்த குழந்தைகளுக்கு அந்நோய் வந்தது.

சவலையை ஏக்கத்தால் வரும் மெலிவு என்று மட்டும் கருதுவோர் உண்டு. ஏக்கமும் இருக்கலாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உணவு. கருப்பத்தின் நடுமாதங்களில் பெரும்பாலான தாய்மாருக்குப் பால் குறைகிறது. பின்னர் அது சீம்பாலாக மாறுகையில் சுவையும் மாறுவதால் சில குழந்தைகள் தாமாகவே பால் குடிப்பதை விட்டுவிடும். கருப்பம் இயல்பாக இருக்கும்வரை பாலூட்டலைத் தொடர்வதால் கருவுக்குத் தீங்கில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களும் உதிரப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் பால் மறக்கடிக்கும் பழக்கம் குழந்தைக்கு உணவு இழப்பையும் பிரிவையும் ஒருசேரத் தருகிறது. ஒவ்வொரு வேளையாகக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, முட்டை, நெய் சேர்த்த சோறு எனக் கொடுத்து வருவதே நல்லது. அங்கன்வாடி மையங்களில் கருவுற்ற தாய்க்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கும் இணை உணவு தனித்தனியே வழங்கப்படுகிறது. ஒருவர் பங்கை மற்றவர் உண்டு முடிப்பது நடைமுறையில் காணப்படும் தவறு.

ஒரு பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மாதங்கள் கழித்தே அடுத்த கருப்பத்துக்கு முயல வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவின் பரிந்துரை. அதற்குள் கருவுற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இரத்தசோகைப் பரிசோதனையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறவிடாமல் இருந்தால் போதும்.

பிள்ளைத்தமிழும் மாதக் கணக்கும்

குழந்தையின் அன்றாட வளர்ச்சியை நின்று பார்த்து மகிழ்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழ் வைத்திருக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனத் தொடரும் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை, மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் அமைத்துக் கூறும் மரபு உண்டு. தலையெடுத்தல், கைகொட்டல், நடந்துவருதல் ஆகியவை வரும் முறையை ஏறத்தாழச் சரியாகவே இவ்வரிசை பிடித்திருக்கிறது.

ஆனால் மாதக் கணக்கை இறுகப் பற்றிக்கொள்வது தவறு. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குழந்தைகள் பிடிமானமின்றி நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரவியிருந்தது; சராசரி 12 மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்ததென்று கவலைப்படும் கருவுற்ற தாய்க்கு இந்த எண்கள் ஆறுதல் தரும். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அம்புலிப் பருவத்தைத் தனியே சொல்ல வேண்டும். நிலவைக் காட்டிச் சோறூட்டும்போது குழந்தை முதலில் காட்டியவரின் விரலைப் பார்க்கும். பிறகு விரல் காட்டும் திசையைப் பார்க்கும். பின்னர் தானே விரல் நீட்டி, தாயும் அதைப் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கும். இந்தக் கடைசிச் செயல் நடப்பதற்கு இணையான மைல்கல். பேச்சுக்கு முந்திய பேச்சு அது. பதினெட்டு மாதத்திலும் குழந்தை எதையும் சுட்டிக்காட்டாவிட்டால் பரிசோதனை தேவை என மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். களைப்பில் பாயில் படுத்திருக்கும் தாய்கூட இதைப் படுத்தபடியே பார்க்கலாம். சன்னலில் காக்காய், உத்தரத்தில் பல்லி, எது கிடைத்தாலும் போதும்.

தானே உண்பதும் அப்படியே. குறுகுறுவென நடந்துவந்து, உண்கலத்தில் கைவிட்டு, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியிருக்கிறான். எல்லாச் செல்வமும் உடையவர்க்கும் குழந்தை இல்லையேல் வாழ்நாளில் பயன் இல்லை என்பது அவன் கருத்து. கூட்டிப் பெருக்க வேண்டிய தாய்க்கு அந்தக் காட்சி அவ்வளவு இனிதாக இராது. தரையில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு உட்காரவைப்பது நடைமுறை வழி.

பார்க்கத் தவறியவளின் துயரமும் தமிழில் பதிவாகியுள்ளது. குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில், கண்ணனைப் பெற்றும் அவன் மழலையையும் விளையாட்டையும் காணாத தேவகியின் புலம்பல் ஒரு பதிகமாகவே அமைந்துள்ளது. கண்டு மகிழ்ந்தவள் யசோதை.

தூக்குவதும் முத்தமிடுவதும்

இரண்டாம் கருப்பத்தில் குழந்தையைத் தூக்கவே கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது வழக்கம். சிக்கலற்ற கருப்பத்தில் முழுத்தடை தேவையில்லை. இடுப்பை வளைத்துக் குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்து எழுவது முதுகுக்கு நல்லது. மாதம் ஏற ஏறத் தாய் கீழே அமர்ந்துகொண்டு குழந்தையை ஏறிவரச் செய்யலாம். பெரியாழ்வார் திருமொழியில் தளர்நடைக்கும் அச்சோவுக்கும் அடுத்துப் புறம்புல்கல் வருகிறது; குழந்தை பின்னாலிருந்து ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வது அது. வயிறு பெரிதான தாய்க்கு மிகவும் ஏற்ற அணைப்பு அதுவே.

முத்தப் பருவத்துக்கு மட்டும் சிறு எச்சரிக்கை உண்டு. சைட்டோமெகலோ என்னும் வைரசு சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் நெடுநாள் வெளிப்படும். குழந்தைக்கு எந்த நோயும் தெரியாது, ஆனால் கருவைத் தாக்கினால் காது கேளாமை போன்ற குறைகள் நேரலாம். நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு இத்தொற்று முன்பே வந்துபோயிருக்கும் என்பதால் பெரும் அச்சம் வேண்டாம். உதட்டில் முத்தமிடுவதற்குப் பதில் உச்சி முகரலாம். குழந்தையின் தட்டில் மிஞ்சியதைத் தாய் வழித்து உண்ணாமல் இருக்கலாம். ஈரத்துணி மாற்றியபின் சோப்புப் போட்டுக் கைகழுவலாம். குழந்தைக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணை ஊசியைத் தாய் கருவுற்றிருப்பதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது; அதனால் தாய்க்குத் தீங்கில்லை.

வரப்போகும் குழந்தையைச் சொல்லுதல்

முதற் கருப்பத்தில் ஐந்தாம் மாத வாக்கில் தெரிந்த வயிற்றசைவு இரண்டாம் முறை சில வாரங்கள் முன்னதாகவே தாய்க்குத் தெரியும். அம்மாவின் வயிற்றில் கைவைத்து அந்த உதையை உணர்வதற்குக் குழந்தை இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 'நாலு மாதத்தில்' என்ற கணக்கு புரியாது. மழை விட்டுப் பொங்கல் வரும்போது பாப்பா வரும் என்றால் ஓரளவு புரியும். 'இனி உன்னை யார் தூக்குவார்?' என்று உறவினர் செய்யும் கேலியைத் தடுப்பது அப்பாவின் வேலை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் 40 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் ஆகியோர் 1982இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தொடர்பான செய்தி உண்டு. கைக்குழந்தையை ஆசையும் தேவையும் உள்ள ஓர் ஆளாகக் கருதி, 'பாப்பாவுக்குப் பசிக்குமோ?' என்று மூத்த குழந்தையிடம் கேட்டுப் பேசிய தாய்மாரின் வீடுகளில், பிற்காலத்தில் உடன்பிறப்புகளிடையே நட்பு மிகுந்திருந்தது. பிரசவத்துக்குப் பின் மூத்த குழந்தையுடன் தாய் விளையாடும் நேரம் குறைந்ததையும், அடமும் அழுகையும் கூடியதையும் அவர்கள் கண்டனர். பால்புட்டி கேட்பது, படுக்கையை நனைப்பது போன்ற பின்னடைவுகள் நாளடைவில் மறைவதே வழக்கம். அதே வாரங்களில் சில குழந்தைகள் தாமே சட்டை போட்டுக்கொள்ளவும், தாமே உண்ணவும், தனியே விளையாடவும் தொடங்கியதையும் அவர்கள் குறித்துள்ளனர்.