மணலில் ஒரு மருந்துத் தோட்டம்

மூலிகைத் தோட்டம் போடச் சொல்லித்தரும் நூல்கள் பெரும்பாலும் செடிப் பட்டியலோடு தொடங்கும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் அந்தப் பட்டியலுக்கு முன் கிணற்றைப் பார்க்க வேண்டும். நுரைச்சோலை, ஆலங்குடா, கற்பிட்டி என்று வடக்கே நீளும் ஒடுங்கிய மணல் நிலத்துக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இங்கே செடிக்கு அடியில் போடுவதெல்லாம் மணல் வழியே இறங்கி, சில காலத்தில் அதே வளவுக் கிணற்றுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் தேநீரும் கசாயமும் கொதிக்கின்றன. ஆகவே மருந்துச் செடி வளர்ப்பதும், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் தோட்டம் அமைப்பதும் இந்தக் கரைத் தோட்டக்காரருக்கு ஒரே வேலை. அவருடைய நாள் எப்படிப் போகிறது, ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் என்ன அறிவியல் இருக்கிறது என்று பார்ப்போம்.

கிணற்றடி

விடிந்ததும் முதல் வாளித் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்தால் அன்றைய கணக்குத் தெரிந்துவிடும். நாக்கில் சவர் தட்டினால் மோட்டாருக்கு அன்று ஓய்வு.

இந்த நிலத்துக்கு அடியில் ஆறோ பாறை ஊற்றோ கிடையாது. பெய்த மழை மணலில் ஊறி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது என்பதே காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தைச் சேர்ந்த கைபனும், 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க்கும் இதற்குத் தனித்தனியே ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால்தான் தோட்டக்காரருக்கு விஷயம் புரியும். கிணற்றில் நீர்மட்டம் நிரந்தரமாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் 4 மீற்றர் மேலே ஏறும். பெரிய மோட்டாரை வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் அந்த இடத்திலேயே உப்பு கூம்பாக எழும்பி வரும். ஆழமில்லாத கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பு, காலையும் மாலையும் பிரித்து ஊற்றுவது ஆகிய மூன்றும் அதைத் தள்ளிப்போடும் வழிகள்.

உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். நைத்திரேற்றைக் கண்டுபிடிக்காது. கற்பிட்டிப் பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் பீட்றூட்டும் தெளிப்பானின் கீழ் மாறி மாறி விளைகின்றன. களிமண்ணைப்போல் பசளையைப் பிடித்துவைக்கும் தன்மை மணலுக்கு இல்லை. பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீரோடு நேரே கீழே போகிறது. தீவிரப் பயிர்ச்செய்கை நடக்கும் இடங்களில் கிணற்று நீர் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது மிக ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நம்முடைய கசாய முறையை இதோடு சேர்த்துப் பாருங்கள். எட்டுக் குவளை தண்ணீர் விட்டு ஒரு குவளையாக வற்றக் காய்ச்சுவது வழக்கம். எட்டுக் குவளையில் இருந்த நைத்திரேற்று முழுவதும் அந்த ஒரு குவளைக்குள் நிற்கும். மூலிகை எவ்வளவு நல்லதானாலும், கெட்ட கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சினால் அந்தக் கெடுதலையும் எட்டு மடங்கு செறிவாக்கித்தான் குடிக்கிறோம். இந்தக் கரையில் மூலிகைத் தோட்டத்துக்கு யூரியா ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பொச்சும் கிளிசிரியாவும்

யூரியா இல்லாமல் மணலில் எதை விளைவிப்பது? வெயில் ஏறுமுன் தோட்டக்காரரின் அலவாங்கும் மண்வெட்டியும் வேலை செய்வது இதற்காகத்தான்.

குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து தென்னை முக்கோணம் என்று பெயரெடுத்த மாவட்டம் இது. தென்னை ஆராய்ச்சி நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டதும் இந்த மாவட்டத்து லுணுவிலவில்தான். தென்னைக்கு அடியில் பொச்சு புதைக்கும் முறையை மூலிகைப் பாத்திக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பொச்சு மட்டைகளின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி வரிசையாக அடுக்கி, வரிசைக்கு வரிசை மண் தூவி மூட வேண்டும். பொச்சில் இருக்கும் தும்புத்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பழைய குழி ஒன்றைக் கிளறினால், மேலே மணல் சுட்டுக்கொண்டிருக்க, பொச்சைப் பிடித்து இறங்கிய வேர்கள் ஈரமாக இருப்பதைக் காணலாம். பொச்சு மக்கும்போது பொட்டாசியமும் கிடைக்கிறது.

நைதரசனுக்கு வேலியிலேயே மரம் இருக்கிறது. கிளிசிரியாவின் வேர் முடிச்சுகளில் வாழும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. காய்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு நைதரசன். அப்படியானால் 100 கிலோ காய்ந்த இலையில் ஏழெட்டுக் கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் இருக்கிறது. இலை மெல்ல மெல்ல மக்குவதால் வேர் எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் இயற்கைப் பசளை என்பதற்காக அள்ளிக் கொட்டக் கூடாது. கோழி எருவை மழைக்கு முன் குவித்தால் அதுவும் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குத்தான் போகும்.

யூரியாவிலிருந்து இயற்கைப் பசளைக்கு மாறுவது ஒரு போகத்தில் நடக்காது. 2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியதை நாடே பார்த்தது. மணலில் உக்கல் சேர ஆண்டுக்கணக்காகும்.

காற்றுக்கு ஏற்ற வரிசை

மழை இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பங்கு பெய்யும், ஏப்ரலில் கொஞ்சம். மே முதல் செப்ரெம்பர் வரை உப்பைச் சுமந்துகொண்டு சோளகக் காற்று அடிக்கும். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெளிநாட்டுப் பயணிகள் கற்பிட்டிக்கு வருவது அந்தக் காற்றுக்காக. அதே காற்று வல்லாரையை இரண்டு நாளில் கருக்கிவிடும்.

ஆகவே தோட்டத்தின் வரைபடத்தைப் போடுவது காற்றுத்தான். கடற்பக்கம் முதல் வரிசையில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் தாழையும் நிற்க வேண்டும். இவை உப்புக்கு அஞ்சாதவை, மணலை ஓடவிடாதவை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்வதன் நியாயத்தை மணல்மேட்டில் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, பாய் விரித்ததாய் மேட்டையே கட்டிப் பிடித்திருக்கும். அழகு போதவில்லை என்று அதைப் பிடுங்கிப் புல் பதித்தால் அடுத்த சோளகத்தில் மணல் வீட்டு வாசலுக்கு வரும்.

இரண்டாம் வரிசை பூவரசு, வேம்பு, பனை. அதன் உள்ளே கிடுகு வேலி. மதிலைவிடக் கிடுகு நல்லது. மதிலில் மோதிய காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை முறிக்கும். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமான வேலியோ காற்றைச் சலித்து வேகத்தைக் குறைத்து அனுப்பும். வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை அந்தத் தணிவு இருக்கும். இரண்டு மீற்றர் வேலிக்கு இருபது மீற்றர். கற்பிட்டி, புத்தளம் தெருக்களில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளும் வேலிக்கு வெளியே நிற்கும்.

வேலியின் உட்புறம் ஆடாதோடையும் நொச்சியும். ஆடு மாடு வாய் வைக்காத இவை வேலிக்கு வேலி, மருந்துக்கு மருந்து. வெயில் காயும் வெறும் மூலையில் ஆவரசும் கற்றாழையும். முருங்கையும் கறிவேப்பிலையும் நடுவில். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற ஈரம் கேட்கும் கீரைகள் முருங்கை நிழலில், கிணற்றுக்கு மிக அருகில். ஒவ்வொன்றும் தன் தாகத்துக்கு ஏற்ற இடத்தில் நின்றால் தண்ணீர்ச் செலவு தானாகக் குறையும்.

இலை பறிக்கும் நேரம்

காலை உணவுக்கு இலைக்கஞ்சி. சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டு, இறக்குகிற நேரத்தில் வல்லாரை, முடக்கொத்தான், சாத்தாவாரி என்று கிடைத்த இலையின் சாற்றை ஊற்றி, கருப்பட்டித் துண்டோடு குடிப்பது இலங்கை முழுவதற்கும் பொதுவான பழக்கம். சாறு அதிகம் கொதிப்பதில்லை என்பதால் இந்தப் பாத்திகளுக்குப் பச்சைச் சாணம் ஆகாது. நன்றாக உக்கிய கூட்டெரு மட்டும்.

கற்றாழையை வெட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடியிலுள்ள முதிர்ந்த மடலை, தண்டோடு ஒட்டி அறுத்ததும், வெட்டு வாயில் மஞ்சள் பால் கசியும். மடலை நிமிர்த்தி, வெட்டு வாய் கீழே பார்க்கச் சாய்த்துவைத்தால் கால் மணி நேரத்தில் அது வடிந்துவிடும். அந்த மஞ்சள் பாலில் இருப்பது அலோயின், கடும் பேதி மருந்து. அமெரிக்காவில் கடையில் விற்ற பேதி மருந்துகளிலிருந்து அதை 2002இல் நீக்கிவிட்டார்கள். உள்ளே கண்ணாடிபோல் தெரியும் சோறு வேறு பொருள், அதைத் தனியே வழித்து, பலமுறை கழுவி எடுக்க வேண்டும். கற்றாழை மணலில் பிழைப்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்க, இது இரவில் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்துவைத்து, பகலில் துளையை மூடிக்கொண்டு உணவு தயாரிக்கிறது.

ஆடாதோடை சளிக்கு என்பது பரியாரிமார் காலங்காலமாகச் சொல்வது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றி ஜெர்மனியில் உருவாக்கிய புரோம்ஹெக்சின், 1960களில் இருந்து உலகெங்கும் சளி மருந்தாக விற்கிறது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் கொண்டது. கர்ப்பிணிகளுக்கு அந்தக் கசாயம் கொடுக்கக் கூடாது.

பூச்சிக்கும் பங்கு

வெயில் தாழ்ந்ததும் வேப்பங்கரைசல். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளிப்பார்கள். இதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பைக் குழப்பிவிடும். வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதால்தான் மாலை நேரம்.

ஒரு கொடிக்கு மட்டும் வேப்பங்கரைசலும் கிடையாது, கசாயச் சட்டியும் கிடையாது. அது பெருமருந்துக் கொடி. விஷக்கடிக்கும் வயிற்று வலிக்கும் முன்னோர் பயன்படுத்தியதுதான். ஆனால் அதன் இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது, அந்தக் குளிசையில் கலந்திருந்தது இதே இனத்துச் செடி என்று தெரியவந்தது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. அப்படியென்றால் கொடியை ஏன் வைத்திருக்க வேண்டும்? சிவந்த உடலும் கறுத்த சிறகும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு இந்தக் கொடியின் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. நம்மைக் கெடுக்கும் அமிலத்தைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. பச்சையாக இருப்பதெல்லாம் குடிக்க ஏற்றதல்ல, குடிக்க ஆகாதது எல்லாம் வெட்ட வேண்டியதும் அல்ல என்பதை இந்த ஒரு கொடியே பழக்கிவிடும்.

பொழுது சாயுமுன் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது தவறக் கூடாத வேலை. டெங்கு நுளம்பு, தேங்கிய சிறு நீரில் முட்டையிட்டுப் பறக்கும் பருவத்தை எட்ட ஒரு வாரம் பத்து நாள் போதும்.

தோட்டத்தின் எல்லை

கீழ்க்காய்நெல்லியின் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மஞ்சட்காமாலைக்கு இதைக் கொடுப்பது நம் வழக்கம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், மஞ்சட்காமாலை வைரஸ் ஒன்றைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, இது ஹெப்படைட்டிஸ் பி வைரஸை நீக்குவதாக லான்செட் இதழில் எழுதினார்கள். மூலிகை எடுத்தவர்களில் 59 வீதத்தினருக்குப் பலன் கிடைத்ததாக அந்த ஆய்வு சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த பரிசோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியை வைத்திருப்பதில் தவறில்லை. கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. தடிமனுக்கு நொச்சி வேது, அலுப்புக்கு ஆவரசம்பூத் தேநீர் என்பவை வீட்டோடு நிற்கலாம். பாம்புக் கடி, விடாத காய்ச்சல், மூச்சுத்திணறல் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு உரியவை.

சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பத்துப் பேர்ச் வளவு போதும். முதலில் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். செப்ரெம்பரில் பொச்சுக் குழி வெட்டுங்கள். ஒக்டோபர் மழைக்குக் கிளிசிரியாத் தடியும் ஆடாதோடைத் தடியும் ஊன்றுங்கள், மூலிகைக் கன்று வாங்க அவசரப்பட வேண்டாம். வேலி ஒரு சோளகத்தைத் தாங்கி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த மழைக்கு வல்லாரையை வைத்தால் அது பிடிக்கும்.